மழைக்காலத்தில் கட்டில், பீரோ, அலமாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். கதவு மூடவில்லை, டிராயர் திறக்கவில்லை, பீரோவைத் திறந்தால் ஒரு வாடை. சென்னையில் மரச்சாமான் பழுது பார்த்து பாலிஷ் போடுகிற தொழில் எனக்கு. வருடா வருடம் ஆள்தான் மாறுகிறார்கள், சந்தேகம் அதேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். சென்னையின் வருட மழை சுமார் 1400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கடலோர ஊர்க்காரர்களுக்கு எல்லாமே பொருந்தும், உள்மாவட்டங்களில் இருப்பவர்கள் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

மழைத் தண்ணி மேல படவே இல்லையே, அப்புறம் எப்படி மரம் ஊறுது?

காற்றிலிருந்துதான். மரம் அறுத்துக் காய வைத்துச் சாமானாக மாறிய பிறகும் காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விட்டுவிடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரத்துக்குள் எடையில் 12 சதவீதம் போல ஈரம் இருக்கும், 80 ஆனால் 16, 90 ஆனால் 20 வரை போகும். இது ஒரே நாளில் நடப்பதில்லை, விடாமல் ஒரு வாரம் தூறினால் நடக்கும்.

ஈரம் ஏறினால் மரம் நீளத்தில் ஏறக்குறைய வளராது, அகலத்தில்தான் விரியும். ஒன்றரை அடி அகலத் தேக்குப் பலகை 12 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்குப் போனால் 3 மில்லிமீட்டர் வரைகூட விரியலாம். டிராயருக்கு விட்டிருக்கிற இடைவெளியே பல சமயம் அவ்வளவுதான், அதுதான் இறுகுகிறது.

காற்று ஒரு வழி. சுவர் இன்னொரு வழி, தரை மூன்றாவது. உங்கள் வீட்டில் எது என்று தெரியாமல் கடையில் போய் எதையும் வாங்காதீர்கள், பாதிப் பேர் காசை விடுவது இங்கேதான்.

எங்க வீட்ல எந்த வழியா ஈரம் வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் துண்டை சந்தேகப்படுகிற சுவரில் வைத்து நாலு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பாலித்தீனுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரமாகி உள்ளே காய்ந்திருந்தால் பிரச்சினை வீட்டுக் காற்றில். தரைக்கும் இதே சோதனைதான்.

சுவரில் உப்புப் பூத்திருந்தால் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை வரிசையாகப் பொரிந்திருந்தால் அஸ்திவாரத்து ஈரம் மேலே ஏறுகிறது. ஜன்னல் மூலையிலோ கூரை ஓரத்திலோ இருந்தால் மழைக் கசிவு. பாத்ரூமுக்கு மறுபக்கச் சுவர் என்றால் டைல்ஸ் இடுக்கு அல்லது குழாய். அப்புறம், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பீரோ இருக்கிற அறையில் அதை வையுங்கள். நாள்கணக்கில் 70-க்கு மேலேயே நின்றால் பூஞ்சையை எதிர்பார்க்கலாம்.

பீரோவைச் சுவரோட ஒட்டி வைக்கலாமா? எங்க வீட்ல இடமே இல்ல.

வெளிச்சுவர் என்றால் கூடாது. குறைந்தது இரண்டு இஞ்ச், முடிந்தால் மூணு நாலு விரல்கடை கூடுதலாகவே விடுங்கள். மர அலமாரியின் பின்பலகை பெரும்பாலும் மெல்லிய பிளைவுட், சுவரைப் பார்த்த பக்கத்துக்குப் பாலிஷும் இருக்காது. நகர்த்திப் பார்த்தால் சுவரில் ஈரத்திட்டு எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் பின்பலகையில் கறும்புள்ளி இருக்கும், அச்சு எடுத்த மாதிரி. உள்ளே மடித்து வைத்த துணி நன்றாகத்தான் இருக்கும், வாடை மட்டும் அடிக்கும். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியாது.

இரண்டு அறைக்கு நடுவே உள்ள சுவர் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும், இடம் இல்லாதவர்கள் பீரோவை அந்தப் பக்கம் மாற்றுங்கள். பாத்ரூம் சுவருக்கு மட்டும் வேண்டாம்.

மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்து வைக்கணுமா, மூடணுமா?

பெய்யும்போது மூடுங்கள். வெளிக்காற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிற நேரத்தில் காற்றோட்டம் என்ற பெயரில் அதை உள்ளே கூப்பிட வேண்டியதில்லை. மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற நேரம், பெரும்பாலும் பதினொன்றிலிருந்து மூன்று மணி, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஃபேனைப் போட்டு, அலமாரிக் கதவுகளையும் திறந்து வையுங்கள்.

ஜன்னலைவிடப் பெரிய விஷயம் கொடி. ஒரு மெஷின் துவைத்த துணியை வீட்டுக்குள் காய வைத்தால் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் அந்த அறைக் காற்றில்தான் கலக்கிறது. படுக்கையறையில் கொடி கட்டிவிட்டு பீரோவில் வாடை அடிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை. மூடின பால்கனியோ, எக்ஸாஸ்ட் ஓடுகிற அறையோ பாருங்கள்.

தேக்குதானே, அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்களே?

தேக்கின் வைரப்பகுதிக்கு, அதாவது நடுவில் உள்ள பழுப்புப் பாகத்துக்கு, அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும். அதில் இயற்கையான எண்ணெய்ச் சத்து உண்டு, மற்ற மரங்களைவிட விரிவதும் சுருங்குவதும் குறைவு, கரையானும் எளிதில் அரிக்காது. ஆனால் பலகை ஓரத்தில் வெளிறித் தெரிகிற வெளுப்பு மரம் தேக்காக இருந்தாலும் மற்ற மரம் மாதிரித்தான் ஊறும், உளுத்துப்போகும். இப்போது வருகிற இளமரங்களில் அந்த வெளுப்பு அதிகம், அதன் மேல் கலர் அடித்துவிட்டால் வாங்குகிறவருக்குத் தெரியாது. சாமானைத் தலைகீழாகக் கவிழ்த்து, கலர் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

பிளைவுட், எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு, இதுல எது ஈரம் தாங்கும்?

சொன்ன வரிசையேதான், முதலாவது பரவாயில்லை, கடைசி மோசம். எம்டிஎஃப் என்பது மர நாரைப் பசை போட்டு அழுத்தினது, பார்ட்டிக்கிள் போர்டு என்பது மரச்சில்லுகளைப் பசை போட்டு அழுத்தினது. ஒரு தடவை தண்ணீர் குடித்து ஊதிவிட்டால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது, ஸ்குரூவும் பிடிக்காது. ஆன்லைனில் வாங்கிப் பொருத்துகிற மலிவு விலை அலமாரிகள் பெரும்பாலும் இந்த ரகம். அவற்றில் கவனிக்க வேண்டியது பலகையின் முகத்தை அல்ல, விளிம்பை. முகத்தில் லேமினேட் இருக்கும், தண்ணீர் நுழையாது. விளிம்பில் ஒட்டின பட்டை ஒரு இடத்தில் கிளம்பினால் அதுதான் வாசல். கிளம்பின அன்றே பசை வைத்து ஒட்டுங்கள்.

எம்ஆர் பிளைவுட்னா வாட்டர்புரூஃப்தானே?

இல்லை. எம்ஆர் என்றால் ஈரக் காற்றைச் சமாளிக்கும், தண்ணீரில் நிற்காது. ஐஎஸ் 303 என்ற இந்தியத் தரத்தில் எம்ஆர், கொதிநீர் தாங்குகிற பிடபிள்யூஆர் என்று இரண்டு ரகம் பார்க்கலாம். பிடபிள்யூஆர் பலகையைச் சோதனையில் 8 மணி நேரம் கொதிக்க வைத்துப் பார்ப்பார்கள். மரைன் பிளைவுட் எனப்படும் ஐஎஸ் 710 ரகத்துக்கு அந்தக் கொதி 72 மணி நேரம். அதற்கு ஏற்ற பசையும் வேறு.

வரவேற்பறை டிவி யூனிட்டுக்கு எம்ஆர் போதும். சமையலறைக்கும் பாத்ரூம் பக்கத்துக்கும் ஐஎஸ் 710 கேளுங்கள், பலகையிலேயே ஐஎஸ்ஐ முத்திரையும் இந்த எண்ணும் அச்சடித்திருக்கிறதா என்று ஒட்டுவதற்கு முன் பாருங்கள். லேமினேட் ஒட்டின பிறகு எது எந்தப் பலகை என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

சிங்க் அடியில இருக்கற கபோர்டு மட்டும் ஊதிக்கிட்டே இருக்கு, மூணாவது தடவை மாத்தப் போறேன்.

மாற்றுவதற்கு முன் ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துக் குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் சுற்றித் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சொட்டு இறங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் குழாய் போவதற்காகப் பலகையில் போட்ட ஓட்டை. ஆசாரி ஓட்டை போடுவார், பிளம்பர் குழாயை விடுவார், ஓட்டையின் உள்விளிம்பை யாரும் மூட மாட்டார்கள். பலகையின் மொத்த உள்ளும் அங்கே திறந்து கிடக்கிறது. அதற்கு எபாக்சியோ சிலிக்கோனோ பூசி மூடுங்கள், தளப்பலகையின் மேல் ஓரம் மடித்த அலுமினியத் தகடோ பிளாஸ்டிக் தட்டோ போடுங்கள். மூன்றாவது முறை மாற்றுவது என்று ஆகிவிட்டால் அந்த ஒரு கபோர்டை மட்டும் பிவிசி பலகையில் செய்துவிடலாம், அடுப்புச் சூடு படாத இடமாக இருக்கட்டும்.

டைனிங் டேபிள் கால் நுனி மட்டும் கறுத்துப்போகுது, பாலிஷ் போட்டாலும் திரும்ப வருது.

தினமும் வீடு துடைக்கிறோமே, அந்தத் தண்ணீர்தான். காலின் அடிமுனையில் மரத்தின் நரம்புகள் எல்லாம் வாய் திறந்து நிற்கின்றன, பக்கவாட்டில் ஏறுவதைவிட அங்கே பல மடங்கு வேகமாக நீர் ஏறும். பாலிஷ்காரர் நிற்க வைத்தபடி பக்கத்தில் பூசிவிட்டுப் போவார், அடிப்பக்கம் பூச்சுப் படாத வெறும் மரமாகவே கிடக்கும்.

டேபிளைக் கவிழ்த்து, ஒரு வாரம் நன்றாகக் காய விட்டு, உப்புத்தாள் தேய்த்து, அடிமுனையில் வார்னிஷோ எபாக்சியோ குடிக்கிற மட்டும் இரண்டு மூன்று கோட் கொடுங்கள். பிறகு ஆணியோடு வரும் பிளாஸ்டிக் குமிழ் அடியுங்கள், கால் தரையை விட்டு அரை விரல் எழும்பி நிற்கும். ரப்பர் தொப்பி மாட்டுவது வேறு சமாச்சாரம். துடைக்கிற தண்ணீர் தொப்பிக்குள் இறங்கி வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தேங்கும், கழற்றிப் பார்த்தால் உள்ளே மரம் கஞ்சியாக இருக்கும். மாப்பை நன்றாகப் பிழிந்து துடைக்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

டிராயர் இறுகிடுச்சு, ஆசாரியைக் கூப்பிட்டு இழைச்சுவிடலாமா?

மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். முதல் பதிலில் சொன்ன மாதிரி அது ஊறி விரிந்திருக்கிறது, மாசி பங்குனியில் தானாகச் சுருங்கும். இப்போது இழைத்தால் வெயில் காலத்தில் லொடலொடவென்று ஆடும். கதவுக்கும் இதேதான். இப்போதைக்கு உராய்கிற இடத்தில் மெழுகுவர்த்தியையோ காய்ந்த சோப்புக் கட்டியையோ தேய்த்துவிடுங்கள். எங்கே உராய்கிறது என்று பென்சிலில் கோடு போட்டு வையுங்கள். சித்திரையிலும் அதே இடம் இறுகினால் அப்போது இழைக்கலாம்.

பாச்சா உருண்டை போட்டா ஈரம் போகுமா?

போகாது. அது பூச்சிக்கானது, ஒரு சொட்டு ஈரத்தையும் எடுக்காது. வாடையை மறைப்பதால் போன மாதிரி தோன்றுகிறது. குழந்தை கைக்கு எட்டுகிற இடத்தில் அதை வைக்கவும் கூடாது, மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். கற்பூரமும் வேப்பிலையும் அதே கணக்குதான், வேப்பிலையை ஈரத்தோடு வைத்தால் அதிலேயே பூஞ்சை பிடிக்கும்.

ஈரம் எடுக்க சிலிக்கா ஜெல் வாங்குங்கள். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீர் பிடிக்கும், ஆக ஷூ டப்பாவில் வருகிற பொடிப் பாக்கெட் பீரோவுக்குக் காணாது. மூடின அலமாரிக்கு அரைக் கிலோவாவது துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆரஞ்சு மணி பச்சையாக மாறினால் நிரம்பிவிட்டது, 110 டிகிரி சூட்டில் ஓவனில் வறுத்தால் மறுபடி பயன்படும். நீல மணியில் கோபால்ட் இருப்பதால் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் இன்னும் வேகமாக இழுக்கும், ஆனால் அடியில் சேரும் திரவம் சிந்தினால் இரும்பை அரிக்கும், பட்டுப்புடவையைக் கெடுக்கும். கீழ்த்தட்டில் மட்டும் வையுங்கள். எதுவானாலும் மூடின இடத்தில்தான் வேலை செய்யும், திறந்த அறையில் வைத்தால் ஊர்க் காற்றையெல்லாம் அது காய வைக்க வேண்டும்.

எங்களுது இரும்பு பீரோ, எங்களுக்கென்ன பயம்?

மரம் ஊறும், இரும்பு துருப்பிடிக்கும். பீரோவின் கீழ்த்தகடும் பின்பக்கமும்தான் முதலில் போகும், இரண்டும் கண்ணில் படாத இடம். டார்ச் அடித்து வருடத்துக்கு ஒரு தடவை பாருங்கள். பெயின்ட் கொப்புளித்திருந்தால் சுரண்டி, துரு போகத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து மேலே பெயின்ட். கடற்கரை ஊர்களில் உப்புத்தூசி படிந்து அதுவே ஈரத்தை இழுக்கும், காய்ந்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். அலமாரிக் கீல்களும் அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்கிற ரகமாக இருப்பது நல்லது.

ஸ்டோரேஜ் கட்டில்ல வெச்ச போர்வையெல்லாம் பூசணம் பிடிச்சிருக்கே?

மேலே மெத்தை, நடுவில் பலகை, கீழே மூடின பெட்டி. நாம் தூங்கும்போது விடுகிற வியர்வை ஈரம் மெத்தை வழியாக இறங்கிப் பலகையில் நின்றுவிடுகிறது. பலகையில் ஒரு இஞ்ச் ஓட்டைகள் ஜாணுக்கு ஒன்று போடச் சொல்லுங்கள், வாரம் ஒரு நாள் மெத்தையைச் சாய்த்து நிறுத்திப் பெட்டியைத் திறந்து ஃபேன் காற்று படட்டும்.

பூஞ்சை பிடிச்ச அலமாரியை பிளீச் போட்டுத் துடைச்சா போதுமா?

மரத்துக்கு பிளீச் சரிப்படாது. மேலே நிறம் வெளுக்கும், அதிலுள்ள தண்ணீர் மரத்துக்குள் போகும், பூஞ்சைக்கு அது விருந்து. முகக்கவசம் கட்டி, அலமாரியை வெளியே கொண்டுபோய், லேசாக நனைத்த துணியில் பாத்திரச் சோப்புக் கரைசலோ வினிகரோ தொட்டுத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஃபேன் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வீடெல்லாம் பரவும். பிளீச்சையும் வினிகரையும் சேர்த்து ஊற்றுகிற வேலை கூடவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

துடைத்த மாதமே திரும்ப வந்தால் ஈரம் வருகிற வழி இன்னும் திறந்திருக்கிறது, இரண்டாவது கேள்விக்குப் போங்கள்.

டேபிள் மேல டம்ளர் வெச்ச வட்டம் போகுமா?

வெள்ளை வட்டம் போகும். ஈரம் பாலிஷுக்குள் மட்டும்தான் நிற்கிறது. மெல்லிய பருத்தித் துணியை மடித்துப் போட்டு மிதமான சூட்டில் அயர்ன் பாக்ஸை இரண்டு மூன்று நொடி வைத்து வைத்து எடுங்கள், நீராவி வேண்டாம். கறுப்பு வட்டம் என்றால் நீர் மரத்துக்கே போய் இரும்புச் சத்தோடு சேர்ந்து கறை ஏறிவிட்டது. பாலிஷை எடுத்து ஆக்சாலிக் அமிலம் போட்டுத்தான் வெளுக்க வேண்டும். அது விஷம், வீட்டில் முயலாமல் பாலிஷ்காரரிடம் விடுங்கள்.

மாசா மாசம் தேங்காய் எண்ணெய் தேய்ச்சா தண்ணி ஒட்டாதாமே?

பளபளப்பாக இருக்கும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது, பிசுபிசுப்பாகத் தங்கித் தூசியைச் சேர்க்கும், பிறகு பாலிஷ் போடும்போது பிடிக்காது. எண்ணெய்தான் வேண்டும் என்றால் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், அது காற்றுப் பட்டு இறுகும். ஆனால் அதைத் தேய்த்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் வெளியே காய விடுங்கள்.

நல்ல பாலிஷ் போட்டா ஈரம் உள்ளயே போகாதுதானே?

தாமதமாகும், நிற்காது. ஸ்பிரிட்டில் கரைத்த பழைய ஃபிரெஞ்ச் பாலிஷ் தண்ணீர் பட்டால் வெளுக்கும், மெலமைன் பூச்சு அதைவிடத் தேவலை, பியூ எனப்படும் பாலியூரித்தேன் பூச்சு இன்னும் நல்லது. எதைப் போட்டாலும் இரண்டு பக்கமும் போடுங்கள். மேல்பக்கம் மட்டும் பூசினால் கீழ்ப்பக்கம் ஊறி, பலகை அப்பளம் மாதிரி வளையும். டேபிளைக் கவிழ்த்து அடியிலும் ஒரு கோட் அடிக்கச் சொன்னால் பல பேர் முகம் சுளிப்பார்கள், விடாதீர்கள். தையிலிருந்து பங்குனிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மழை நாளில் அடித்தால் ஈரம் உள்ளே சிக்கிப் பால் படர்ந்த மாதிரி வெளுக்கும்.

ஏசி போட்டா ஈரம் போயிடும்னாங்க, எங்க ஏசி ரூம்லதான் பூசணமே வருது!

ஏசி ஈரத்தை எடுக்கும் என்பது உண்மை, ஓடுகிற வரைக்கும். ராத்திரி முழுக்க 20 டிகிரியில் ஓட்டி, காலையில் நிறுத்தி உடனே ஜன்னலைத் திறந்தால் வெளியே இருக்கிற ஈரக் காற்று ஜில்லென்று இருக்கிற சுவரிலும் பீரோவிலும் பட்டு வியர்க்கும். அறைக்குப் பெரிய ஏசி போட்டிருந்தால் அது சட்டென்று குளிர வைத்து நின்றுவிடும், ஈரம் எடுக்க நேரம் இருக்காது. 25, 26-ல் வையுங்கள், மழை நாளில் ஈரம் எடுக்கிற டிரை மோட் போடுங்கள், நிறுத்தினதும் ஃபேனை ஓடவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஜன்னலைத் திறங்கள்.

வீட்டுக்குள்ள வெள்ளம் வந்துருச்சு, என்னென்ன தேறும்?

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பலரும் பார்த்ததுதான் இது. கெட்டி மரம் பெரும்பாலும் தேறும், நல்ல பிளைவுட் பாதி தேறும், பார்ட்டிக்கிள் போர்டு தேறாது. சாக்கடை கலந்த தண்ணீர் குடித்த சோபா ஃபோமையும் மெத்தையையும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

மரச்சாமானை நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, டிராயர், பின்பலகை எல்லாம் கழற்றி, செங்கல் மேல் தூக்கி வைத்து, நிழலில் காய விடுங்கள். வெயிலில் போட்டால் மேற்பக்கம் மட்டும் வேகமாகச் சுருங்கி வெடிக்கும், சேர்த்த பலகையெல்லாம் விட்டுப்போகும். வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பாலிஷ் பேச்சே வேண்டாம். ஊறி இறுகின டிராயரை நெம்பாதீர்கள், பின்பலகையைக் கழற்றிப் பின்னாலிருந்து தள்ளுங்கள்.

மூணு மாசம் பையன் வீட்டுக்கு வெளிநாடு போறோம், எல்லாத்தையும் பாலித்தீன் சுத்தி வெச்சிடலாமா?

சுற்றினால் உள்ளே இருக்கிற ஈரம் உள்ளேயே நிற்கும், திரும்பி வந்து பிரிக்கும்போது பச்சையாக இருக்கும். பழைய பருத்திப் புடவையோ வேட்டியோ போதும், தூசிக்கு அது தடை, காற்றுக்கு இல்லை. அலமாரிக் கதவுகளை ஒரு விரல் திறந்து வையுங்கள், நகை இருக்கிற இரும்பு பீரோவை மட்டும் பூட்டி உள்ளே சிலிக்கா ஜெல் வையுங்கள். எல்லாச் சாமானையும் சுவரை விட்டு நகர்த்துங்கள். சாவியை ஒருவரிடம் கொடுத்து வாரம் ஒரு நாள் மதியம் ஜன்னலைத் திறந்து ஃபேன் போடச் சொல்லுங்கள்.

அலமாரிக்குக் கீழே மாவு மாதிரி கொட்டுது, கரையானா?

மாவு மாதிரி உலர்ந்த தூள் கொட்டி, மரத்தில் குண்டூசித் துளைகள் இருந்தால் அது உளுவண்டு. கரையான் என்றால் மண் கோடு ஏறியிருக்கும், தட்டினால் உள்ளே டொக் என்று சத்தம் வரும். வண்டுக்குத் துளை துளையாக மருந்து ஏற்றலாம். கரையானுக்கு அலமாரியில் மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றினால் அடுத்த அலமாரிக்குப் போகும், தரைக்கும் சுவர் ஓரத்துக்கும் மருந்து இறக்க ஆள் கூப்பிடுங்கள். ஈரச் சுவர் இருக்கிற வரை அது திரும்பி வரும்.

வாடகை வீடு, ஹவுஸ் ஓனர் சுவரைச் சரி பண்ண மாட்டேங்கறார், நாங்க என்ன செய்ய?

பாலித்தீன் சோதனை செய்து, நீர் கோத்திருப்பதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள், வாய்ப்பேச்சைவிட அது வேலை செய்யும். அதுவரை ஈரச் சுவர் பக்கம் பிளாஸ்டிக் சேரோ சைக்கிளோ நிற்கட்டும், மரச்சாமான் உள்சுவருக்குப் போகட்டும். அந்தச் சுவரில் வாட்டர்புரூஃப் பெயின்ட் அடிக்கச் சொந்தக் காசைப் போடாதீர்கள், உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே அடித்தால் ஒரு சீசனில் தோலாக உரிந்து விழும். வெளிப்பக்கக் கசிவையோ குழாயையோ சரி செய்து சுவர் காய்ந்த பிறகுதான் அந்தப் பெயின்ட் நிற்கும், அந்தச் செலவு ஓனருடையது.